துப்பாக்கிகளுக்குப் பொட்டு வைத்த கதை

கடலோரத்துப் போலீஸ் ஸ்டேஷனில் எது முதலில் துருப்பிடிக்கும் என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் குண்டூசி என்பேன். நான் ஏட்டாகப் போய்ச் சேர்ந்த ஸ்டேஷன், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருந்தது. மழைக்காலத்தில் காகிதத்தில் குத்திய குண்டூசி வாரம் திரும்புவதற்குள் பழுப்பு வட்டம் போட்டுவிடும். அடுத்தது ஜன்னல் கம்பி, அதற்கடுத்தது விலங்கு. ஒருமுறை கோவளத்தில் செல்போன் திருடியவனுக்கு மாட்டிய விலங்கு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. ஸ்டேஷனே சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது அவனே பொறுமை இழந்து, "வெளக்கெண்ண கீதா சார்? ரெண்டு சொட்டு உடுங்க, தானா தொறந்துக்கும்" என்றான். திறந்துகொண்டது. எங்களுக்காகப் பரிதாபப்பட்ட ஒரே குற்றவாளி அவன்தான்.

இப்படிப்பட்ட இடத்தில்தான் ஊர் துப்பாக்கிகளையெல்லாம் கொண்டுவந்து என் தலையில் கட்டினார்கள்.

தேர்தல் அறிவித்தால் லைசன்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் வாங்கிக்கொள்ள வேண்டும். சட்டமன்றத் தேர்தல் என்றால் வெயில் காலத்தில் வரும், பிரச்சினை இல்லை. அந்த வருஷம் வந்தது ஊராட்சித் தேர்தல். மழை ஆரம்பிக்கிற சமயம். எங்கள் எல்லையில் கிழக்கே மீனவர் குப்பங்கள், பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி மேற்கே போனால் வேர்க்கடலையும் நெல்லும். குப்பத்தில் யாரிடமும் துப்பாக்கி கிடையாது. அவர்கள் சண்டைக்குத் துடுப்பே போதும். கால்வாய்க்கு அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில்தான் பயிர்ப் பாதுகாப்புக்கு என்று அப்பா காலத்தில் வாங்கிய லைசன்ஸ்கள் இருந்தன. காட்டுப்பன்றி கடலைக் கொல்லையில் புகுந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது கூடத்துச் சுவரில் தொங்கும், பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி.

ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் என்று வரிசையாக வந்து சேர்ந்தன. ஸ்டேஷன் ரைட்டர் நான்தான் என்பதால் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டார். "ஏட்டம்மா, இதெல்லாம் உங்க பொறுப்பு. ஒரு கீறல் விழக் கூடாது" என்றார். பொறுப்பைப் பகிர்ந்து கொடுப்பதில் அவரைப் போலத் தாராளமானவரை நான் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை. யார் மீதும் கை வைக்க மாட்டார், யாரிடமும் கை நீட்டவும் மாட்டார். ஆனால் பக்தி கொஞ்சம் ஜாஸ்தி. ஜீப் முகப்பில் எலுமிச்சை மிளகாய், வாசலில் திருஷ்டிப் பூசணி, வயர்லெஸ் பெட்டிக்குச் செவ்வாய்தோறும் கற்பூர ஆராதனை. கன்ட்ரோல் ரூமிலிருந்து திட்டு விழும்போது அந்தக் கற்பூரம் எந்த விதத்திலும் உதவியதாகத் தெரியவில்லை.

துப்பாக்கியைக் கொடுக்க வந்தவர்கள், பிள்ளையை ஹாஸ்டலில் விட வந்தவர்களைப் போல நின்றுகொண்டு ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவு என்றார் ஒருவர். அரிசி மூட்டைக்குள் சொருகி வை, ஈரத்தை அரிசி இழுத்துக்கொள்ளும் என்றார் இன்னொருவர். ஸ்டேஷனில் அரிசி மூட்டைக்கு நான் எங்கே போவேன்? ரேஷன் அரிசி கடத்தலில் பிடித்த மூட்டை இருந்தது. ஆனால் சாட்சிப் பொருளுக்குள் இன்னொருவர் பொருளைச் செருகி வைத்துவிட்டுக் கோர்ட்டில் விளக்கம் சொல்லும் தெம்பு எனக்கில்லை. கடற்கரை விடுதி நடத்தும் ஒரு பெரியவர் சிவப்பு வெல்வெட் பையோடு வந்தார். "இதுலயே இருக்கட்டும், தூசு படாது" என்றார். பார்க்க ராஜா வீட்டுப் பொருள் மாதிரி இருந்தது. நானும் சந்தோஷமாக வாங்கி வைத்தேன்.

கடைசியாக ஒரு பெண் மொபெட்டில் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள். கோணிப்பையில் சுற்றிய ஒற்றைக்குழல் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, "என் பேர்லதான் லைசன்ஸு. வூட்டுக்காரர் போனப்புறம் மாத்திக்கினேன்" என்றாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"வெச்சிட்டு போக்கா. தேர்தல் முடிஞ்சதும் வந்து வாங்கிக்க."

"அதுவரிக்கும் நல்லா கீமா?"

"இருக்கும்."

"எனுக்கு இது நல்லா இருந்தாவணும் மேடம். சொல்லிட்டேன்."

ஏன் என்று கேட்டேன். சொன்னாள். கால்வாய்க்கு மேற்கே அவள் புருஷன் பங்குக்கு வந்த கடலைக் கொல்லை. அதன் நடுவில் ஒரு மோட்டார் கொட்டகை. புருஷன் இறந்தபிறகு அதிலேயேதான் தங்கியிருந்தாள். பக்கத்துப் பங்கு அவள் கொழுந்தனுடையது. வரப்பை ஒவ்வொரு பட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் நகர்த்திக்கொண்டிருந்தான். அவள் சுவரில் துப்பாக்கி தொங்குவதால்தான் கொஞ்சமாக. இல்லாவிட்டால் ஒரே தள்ளு. இப்போது அவள் லைசன்ஸைப் புதுப்பிக்கும் நேரம். "தனியா இருக்கிற பொம்பளைக்குத் துப்பாக்கி எதற்கு, அதைப் பராமரிக்கவும் தெரியாது, ரத்து செய்ய வேண்டும்" என்று கொழுந்தன் மேலே மனுப் போட்டிருந்தான். செங்கல்பட்டு ஆயுதப்படையிலிருந்து ஆர்மரர், அதாவது துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிற போலீஸ்காரர், வந்து பார்த்துச் சரி என்று சொன்னால்தான் லைசன்ஸ் புதுப்பிப்பார்கள். துருப்பிடித்திருந்தால் மனுப் போட்டவன் சொன்னது நிஜமாகிவிடும்.

"துப்பாக்கி போச்சின்னா கொட்டாய் போயிடும். கொட்டாய் போச்சின்னா கொல்லை போயிடும். அவ்ளோதான் மேடம்" என்றாள், காய்கறி விலை சொல்வது போல.

கொழுந்தனும் அன்றைக்கே அவனுடைய இரட்டைக்குழலைக் கொண்டுவந்து கொடுத்தான். வெள்ளை வேட்டி, பட்டை விபூதி, நல்ல மரியாதை. என்னை "அம்மா" என்று கூப்பிட்டான். அவன் துப்பாக்கிக்கும் அதே நேரத்தில்தான் புதுப்பிப்பு. இரண்டையும் ஒரே பீரோவில் பக்கம் பக்கமாக நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. நடுவில் வெல்வெட் பையை நிறுத்தினேன்.

முதல் வாரமே ஆட்டம் ஆரம்பித்தது. பீரோவைத் திறந்தால், குழல்களின் மேல் மஞ்சள் தூவியது போல மெல்லிய படலம். விரலால் தொட்டால் ஒட்டிக்கொண்டு வந்தது. எனக்குப் பகீரென்றது. உடனே தேங்காய் எண்ணெய் யோசனை ஞாபகம் வந்து, என் கைப்பையில் இருந்த பாட்டிலை எடுத்துத் தடவித் தள்ளினேன். மறுநாள் பார்த்தால் எறும்பு. சாரி சாரியாக ஒரு குழலுக்குள் போய் இன்னொரு குழல் வழியாக வந்துகொண்டிருந்தது. வெல்வெட் பை ஈரத்தைக் குடித்துப் பூசணம் பிடித்திருந்தது. அதற்குள் இருந்த துப்பாக்கிதான் இருப்பதிலேயே மோசம்.

வேறு வழியில்லாமல் ஆர்மரருக்கே போன் போட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் மனுஷன் கத்த ஆரம்பித்துவிட்டார். "தேங்கா எண்ணெயா? ஏம்மா, அது என்ன தலையா, சீவிப் பின்னி விடுறதுக்கு?" அடுத்து, பையில் வைத்திருக்கிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் கத்தினார். கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பை, துணி, பேப்பர், தோல் உறை எதிலும் சுற்றி வைக்காதே, எல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். துப்பாக்கிக்கென்றே எண்ணெய் இருக்கிறது, அதைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தடவு, வழிய வழிய அல்ல. குழலுக்குள்ளும் கம்பியில் துணி சுற்றி இழு. வெறுங்கையால் இரும்பைத் தொடாதே, வியர்வையில் உப்பு இருக்கிறது, தொட்டால் துடைத்துவிட்டு வை. பீரோவுக்குள் அடியில் ஒரு குண்டு பல்பை எரியவிடு, உள்ளே காற்று கொஞ்சம் சூடாக இருந்தால் ஈரம் தங்காது.

"எல்இடி போடலாமா சார்?"

"அது சூடே ஆவாதும்மா. வெளிச்சத்துக்கா போடச் சொல்றேன்? துப்பாக்கி என்ன பரீட்சைக்குப் படிக்குதா?"

குண்டு பல்பு தேடி நான் அலைந்த அலைச்சல் தனிக் கதை. எந்த எலெக்ட்ரிக் கடையிலும் இல்லை. என்னவோ கற்கால மனுஷியைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். கடைசியில் திருக்கழுக்குன்றத்தில் கோழிப் பண்ணைக்காரர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் கிடைத்தது. கடைக்காரர் என் யூனிபாரத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஸ்டேஷன்ல கோழி வளக்கறீங்களா மேடம்?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். கூடவே செருப்புக் கடை, கைப்பைக் கடை என்று ஏறி இறங்கி, பெட்டிகளுக்குள் போடுகிற அந்தக் குட்டிக் குட்டி மணிப் பொட்டலங்களைச் சேகரித்தேன். ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினால் வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஸ்டேஷன் மொட்டை மாடியில் நான் அதைப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்து, ஜவ்வரிசி வடாம் என்று நினைத்துக் கூப்பிட்டுக் கேட்ட கான்ஸ்டபிளும் உண்டு. பொரித்துக் கொடுக்கட்டுமா என்று கேட்டேன்.

வாரத்துக்கு ஒருமுறை அக்கா மொபெட்டில் வந்துவிடுவாள். "இன்னா மேடம், என் பொருளு எப்டி கீது?" என்பாள். பீரோவைத் திறந்து காட்டுவேன். உள்ளே பல்பு எரியும், சூடு முகத்தில் அடிக்கும். அவள் தன் துப்பாக்கியை மட்டும் எடுத்துக் குழலைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டு, முந்தானையால் துடைக்கப் போவாள். நான் கத்துவேன். எண்ணெய்த் துணியைக் கொடுத்ததும் துடைப்பாள். ஆர்மரர் என்னிடம் கத்தியதையெல்லாம் நான் அவளிடம் கத்தித் தீர்த்துக்கொண்டேன். அவளும் பதிலுக்குக் கத்துவாள். அப்படித்தான் நாங்கள் சிநேகிதமானோம். பச்சை வேர்க்கடலை கொண்டுவருவாள். ரைட்டர் மேஜையில் தோலை உரித்துப் போட்டுக்கொண்டே கொழுந்தனைப் பற்றி அவள் சொல்லும் வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. போலீஸ்காரியான எனக்கே அதில் சில புதிதாக இருந்தன.

ஓட்டுப் போட்டு, ஓட்டு எண்ணி எல்லாம் முடிந்தது. ஒரு வாரத்தில் ஆர்மரர் வருவார், பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தகவல் வந்தது. அவர் சொன்னபடி வாராவாரம் துடைத்து எண்ணெய் போட்டதில் ஒரு குழலில்கூடத் துரு இல்லை. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

அப்போதுதான் ஆயுத பூஜை வந்தது.

எல்லா வருஷமும் ஸ்டேஷனில் பூஜை உண்டு. எங்கள் ரைஃபிள்கள், லத்தி, ஜீப், கம்ப்யூட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்து, பொரிகடலை கொடுத்தால் முடிந்தது. இந்த வருஷம் இன்ஸ்பெக்டருக்கு ஓர் ஆசை வந்தது. "ஏட்டம்மா, இவ்வளவு ஆயுதம் ஒரே நாள்ல நம்ம ஸ்டேஷன்ல சேர்ந்தது எப்பவாச்சும் உண்டா? எல்லாத்தையும் வெளிய எடுங்க. ஓனருங்களையும் கூப்பிடுங்க. ஜாம்ஜாம்னு பண்ணுவோம்" என்றார்.

"சார், சந்தனம் ஈரம். துரு புடிச்சிடும்."

"சந்தனம் புடிச்சா துரு புடிக்குமா? என்னம்மா பேசுறீங்க. சாமி காரியம்."

முன்கூடத்தில் சுவரோரம் எல்லாத் துப்பாக்கிகளையும் வாய் மேலே பார்க்க வரிசையாக நிறுத்தினோம். பன்னீர் விட்டு ஒரு கிண்ணம் நிறைய சந்தனம் குழைத்திருந்தார்கள். தட்டில் குங்குமம். அதோடு எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமத்தில் தோய்த்து, ஒவ்வொரு குழலின் வாயிலும் ஒரு மூடியைக் கவிழ்க்கச் சொன்னார். இரட்டைக்குழலுக்கு இரண்டு மூடி. கவிழ்த்த உடனே சாறு குழலுக்குள் இறங்குவதை என் கண்ணால் பார்த்தேன்.

உரிமையாளர்கள் வந்திருந்தார்கள். வெல்வெட் பைக்காரர், கொழுந்தன், மற்றவர்கள் எல்லோரும் ஆண்கள். அக்காவும் வந்திருந்தாள், சுத்தமான நூல் புடவையில். பொட்டு வைக்கிற நேரம் வந்ததும் அவள் முன்னால் வந்து கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினாள். தன்னுடையதற்குத் தானே வைப்பதாகச் சொன்னாள். வீட்டில் வருஷா வருஷம் அவள்தான் வைப்பாளாம்.

இன்ஸ்பெக்டர் சங்கடப்பட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நீங்க வேணாம்மா. தப்பா எடுத்துக்காதீங்க. அப்படி ஓரமா நில்லுங்க. பொது பூஜை, சுமங்கலி கையால வெச்சாதான் நல்லா இருக்கும்" என்றார். குரலைத் தாழ்த்தியும் எல்லோருக்கும் கேட்டது. பிறகு கிண்ணத்தை என் கையில் கொடுத்தார்.

என் கழுத்தில் தாலி இருந்தது உண்மை. அதைக் கட்டியவர் மதுராந்தகத்தில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துவதும் உண்மை. ஸ்டேஷனில் முதல் உண்மையை மட்டும்தான் தெரியவிட்டிருந்தேன். கழற்றினால் ஆளாளுக்குத் துக்கம் விசாரிப்பார்கள், அதை உட்கார்ந்து கேட்க எனக்குப் பொறுமை கிடையாது. ஆக, அந்த முழு ஸ்டேஷன் எல்லையிலும் தேடிப் பிடித்த சுமங்கலி நான். கிண்ணத்தோடு வரிசையில் நடந்து ஒவ்வொன்றுக்கும் பெரிதாக ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம் என்று வைத்துக்கொண்டே போனேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, வாயில் கெட்ட வார்த்தையும் வந்தது.

அக்காவின் துப்பாக்கிக்கு முன்னால் நான் நின்றபோது பின்னாலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னுதுக்கு வாணாம் மேடம். எட்த்து உள்ள வெச்சிடு."

"அம்மா, சாமி விஷயம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் வைக்கக் கூடாதுன்னா யாரும் வைக்க வாணாம் சார். அது என்னுது."

கொழுந்தன்தான் மெதுவாக, "பாத்துக்கோங்க சார். இவங்களுக்கு சாமின்னாகூட இவ்ளோதான். நாளைக்கி செக்கிங் அப்போ எதுனா ஆச்சுன்னா உங்கள சொல்லக்கூடாது பாருங்க, அதான் சொல்றேன்" என்றான். இன்ஸ்பெக்டரும், "ஆமாம்மா, அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது" என்றார். நான் எலுமிச்சை மூடியை எடுத்துப் போட்டேன். குழல் வாயைத் துடைத்தேன், உள்ளே கம்பியில் எண்ணெய்த் துணி சுற்றி இழுத்தேன், கொண்டுபோய் பீரோவில் வைத்து மூடினேன். பல்பு எரிந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது அக்கா பொரிகடலை வாங்காமல் போய்விட்டிருந்தாள்.

அன்று மாலையே மற்றவற்றைத் துடைத்து உள்ளே வைத்துவிடலாம் என்று இன்ஸ்பெக்டரிடம் கேட்டேன். பூஜையில் வைத்ததை மறுபூஜை போடாமல் எடுக்கக் கூடாது என்றார். விஜயதசமிக்கு மறுபூஜை. விஜயதசமியன்று விடிகாலையிலேயே அவரைப் பந்தோபஸ்துக்கு இழுத்துக்கொண்டார்கள், துணைத் தலைவர் பதவிக்கு ஓர் ஊரில் அடிதடி. அங்கிருந்து இன்னோர் ஊர். போனில் கேட்டால், "நான் வந்து போட்டாத்தான் முறை, தொடாதீங்க" என்ற பதில். நடுவில் மழை பிடித்துக்கொண்டது. கடல் பக்கத்து ஜன்னல் கதவு சரியாகச் சாத்தாது, அதுவும் துருப்பிடித்ததுதான். கூடத்துத் தரை நாள் முழுக்க ஈரமாக இருந்தது. துப்பாக்கிகள் மாலையும் பொட்டும் எலுமிச்சையுமாகச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தன. நான் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, அவசரமாக ஒரு கற்பூரம் காட்டி, "இப்ப எடுங்க" என்றபோது, வெளியே ஆர்மரர் வந்து இறங்கிக்கொண்டிருந்தார். உரிமையாளர்களும் வந்திருந்தார்கள். எண்ணெய் போட்டுத் துடைக்க நேரமே இல்லை. ஈரத்துணியால் சந்தனத்தை வழித்தால், ஒவ்வொரு குழலிலும் வட்டமாக, நடுவில் கறுத்து, சுற்றிலும் செம்பழுப்பாகப் பொட்டு அப்படியே இருந்தது. துருவில்.

ஆர்மரர் ஒல்லியான மனிதர். போனில் கேட்ட குரலுக்கும் உடம்புக்கும் சம்பந்தமே இல்லை. முதல் துப்பாக்கியை எடுத்தார், பார்த்தார். இரண்டாவதை எடுத்தார். வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு, "என்ன இது?" என்றார்.

"கடல் காத்து. உப்பு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயா, உப்புக் காத்து ரவுண்டா அடிக்குமாங்க?"

ஆர்மரர் கொழுந்தனின் இரட்டைக்குழலைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். எலுமிச்சைச் சாறு இறங்கிய தடம் இரண்டு குழலிலும் தெரிந்தது. "உள்ள குழி விழுந்திருக்கு. இத நான் பாஸ் பண்ண முடியாது. சர்வீஸ் பண்ணி எடுத்துட்டு வா, அப்புறம் புதுப்பிக்கிறதப் பத்திப் பேசலாம்" என்றார். கொழுந்தன் இன்ஸ்பெக்டரைப் பார்த்தான், இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். "மழைங்க. என்னா மழை" என்றார் வெல்வெட் பைக்காரர். ஆமாம் ஆமாம், இந்த வருஷம் காற்றே சரியில்லை என்று மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். மழையைத் திட்டுவதில் கூடத்தில் அப்படி ஓர் ஒற்றுமை.

கடைசியாக பீரோவிலிருந்து அக்காவின் துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தேன். ஆர்மரர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார், குழலுக்குள் பார்த்தார், இன்னொரு தடவை பார்த்தார். "இது ஒண்ணுதான் துப்பாக்கி. மத்ததெல்லாம் பூஜை சாமான்" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அக்கா அதை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டருக்கு எதையாவது சொல்லித் தீர வேண்டியிருந்தது. நல்ல மனசோடுதான் சொன்னார் என்று நினைக்கிறேன். "அம்மா, அடுத்த வருஷம் பூஜைக்கு வாங்க. உங்க துப்பாக்கிக்கு நீங்களே பொட்டு வைங்க" என்றார்.

"வாணாம் சார். எப்பவும் போல என்ன ஓரமாவே நிக்க சொல்லு. துப்பாக்கிக்கு அதான் ஒத்துக்கினு கீது."

ஆர்மரர் வெடித்துச் சிரித்தார். நானும் அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தேன். வாசல் வரை அவளோடு போனேன். மழை விட்டிருந்தது. கோணியில் துப்பாக்கியைச் சுற்றப் போனவள், தானே நிறுத்திவிட்டு, கோணியை மொபெட் பெட்டியில் அமுக்கினாள்.

"யக்கா, உன் கொழுந்தன் மூஞ்சிய பாத்தியா? இனி வரப்பாண்ட வருவானா?" என்றேன். நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கறேன் மேடம். அன்னிக்கு என்ன வைக்க உட்டு, நானே எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிருந்தேன்னு வெச்சிக்க. இதே மாரி துரு புடிச்சிருந்தா, மழைன்னு சொல்லியிருப்பாங்களா?"

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொல்லியிருப்பார், கொழுந்தன் தாழ்த்தாமல் சொல்லியிருப்பான். டீ குடிக்கும்போது கான்ஸ்டபிள்கள் சொல்லியிருப்பார்கள். கடல் காற்றை ஒருத்தர்கூட நினைத்திருக்க மாட்டார். எலுமிச்சைச் சாறு இறங்கியதைக் கண்ணால் பார்த்த நான்கூட, மனசுக்குள் ஒரு நிமிஷமாவது அவள் கையைத்தான் நினைத்திருப்பேன். தாலியை மட்டும் கட்டிக்கொண்டு தனியாகக் கிடக்கிற நான்.

"சொல்லியிருக்க மாட்டாங்கக்கா" என்றேன்.

"தெரியுதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியைக் கிளப்பினாள்.